விரல் பட்டாலே பாயும் கார்: எக்ஸ்போவா, பஞ்சா, பினியனா, சென்சார் மோட்டாரா?

பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் கொண்ட ரிமோட் கார் கைக்கு வந்த முதல் வாரத்தில் பெரும்பாலும் எழும் கேள்வி இதுதான்: "அண்ணே, விரல் பட்டாலே பாயுது, எப்படி அடக்குறது?" வடசென்னையில் இது இன்னும் உறைக்கும். திறந்த மைதானத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் போகச் செய்த வண்டியைப் பெரம்பூர் மொட்டை மாடியிலோ, தண்டையார்பேட்டைத் தெருவிலோ, திருவொற்றியூர் மணலிலோ ஓட்ட வேண்டியிருக்கிறது. மாடியில் கைப்பிடிச்சுவர் வருவதற்கு ஒரு நொடி போதும்.

கேட்டால் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். ரிமோட்டில் எக்ஸ்போ (விரல் இழுப்புக்கு ஏற்ப வேகம் ஏறும் வளைவை மாற்றும் அமைப்பு) வை என்பார் ஒருவர். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கருவியான இஎஸ்சியில் பஞ்சைக் (ஆற்றல் ஏறும் விரைவைக்) குறை என்பார் இன்னொருவர். பினியனை (மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சிறிய பல்சக்கரத்தை) மாற்று, சென்சார் மோட்டார் வாங்கு என்றும் சொல்வார்கள். எல்லாமே வேலை செய்யும் வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு குறைக்கானது. குறை எது என்று பார்க்காமல் கை வைப்பதால்தான் பணம் போன பிறகும் வண்டி அப்படியே பாய்கிறது.

முதலில் குறையைப் பிரித்துப் பாருங்கள்

"பாயுது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு குறைகள் இருக்கின்றன.

வளைவுக் குறை: ட்ரிகரின் (ரிமோட்டில் விரலால் இழுக்கும் வேக விசையின்) முதல் கால்பங்கிலேயே வேண்டிய வேகமெல்லாம் வந்துவிடும். மெதுவாக ஓட்ட விரலுக்கு இடமே இருக்காது.

ஏற்றக் குறை: மெதுவாக இழுத்தால் ஒழுங்காகப் போகும். வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் வெறுமனே சுழலும், முன்பக்கம் தூக்கும், அல்லது பின்பக்கம் திரும்பிவிடும்.

உச்சக் குறை: எப்படி இழுத்தாலும் சரி, முழு வேகம் அந்த இடத்துக்கு அதிகம்.

தொடக்கக் குறை: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி திக்கும், நடுங்கும், பிறகு ஒரே தாவாகத் தாவும்.

கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். வண்டியைத் தரையில் வைத்து, 3 நொடி எடுத்துக்கொண்டு ட்ரிகரைப் பாதி வரை இழுங்கள். கிளம்பும்போதே திக்கினால் தொடக்கக் குறை. திக்காமல் கிளம்பி, கால்பங்கு தாண்டுவதற்குள் கையை மீறினால் வளைவுக் குறை. அதுவும் இல்லையென்றால் அதே தூரத்தைச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். அப்போது மட்டும் சக்கரம் சுழன்றால் ஏற்றக் குறை. இவை எதுவும் இல்லாமல் முழு வேகம் மட்டும் அதிகமானால் உச்சக் குறை.

ஒவ்வொரு வழியையும் நாலு கேள்விகளால் எடைபோடலாம். எந்தக் குறையைத் தீர்க்கிறது? மோட்டார் சூட்டைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? செலவும் நேரமும் எவ்வளவு? பதிலுக்கு எதை இழக்கிறோம்? இவற்றில் சூட்டுக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் ஓடும் மோட்டாருக்கு அதுதான் ஆயுள் கேள்வி.

எதையும் தொடுமுன் கேலிபரேஷன்

ரிமோட்டின் எல்லைகளை இஎஸ்சிக்குக் கற்றுக்கொடுப்பதே கேலிபரேஷன். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். இஎஸ்சி ரிமோட்டிலிருந்து வரும் துடிப்பின் நீளத்தைப் படிக்கிறது. சுமார் 1500 மைக்ரோ நொடி என்றால் நடுநிலை, 2000 பக்கம் முழு முன்வேகம், 1000 பக்கம் முழு பிரேக். ரிமோட்டின் எல்லைகளும் இஎஸ்சி நினைத்திருக்கும் எல்லைகளும் பொருந்தாவிட்டால், ட்ரிகரின் ஒரு பகுதி செத்துக் கிடக்கும், மீதிப் பகுதியில் எல்லாம் நெருக்கியடிக்கும்.

சேசிஸின் (அடிச்சட்டத்தின்) கீழே ஒரு பெட்டியை வைத்து நாலு சக்கரமும் தரையில் படாமல் தூக்குங்கள். ரிமோட்டில் த்ராட்டில் (வேகச் சேனல்) ட்ரிம் எனும் நடுநிலைத் திருத்தம் 0, எக்ஸ்போ 0, இருபக்க எண்ட்பாயிண்ட் (உச்ச எல்லை) 100 என்று வையுங்கள். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு உங்கள் இஎஸ்சிக்கு உரிய முறையில் கேலிபரேஷனுக்குள் நுழையுங்கள். பல மாடல்களில் செட் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட வேண்டும். நடுநிலை, முழு முன்வேகம், முழு பிரேக் என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் பதிவு செய்யுங்கள். ஃபுடாபா ரிமோட்டானால் பெரும்பாலும் த்ராட்டில் சேனலை ரிவர்ஸ் செய்த பிறகுதான் இது நடக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. எண்ட்பாயிண்டை 60-க்குக் குறைத்துவிட்டுக் கேலிபரேட் செய்தால், அந்த 60-தான் முழு வேகம் என்று இஎஸ்சி கற்றுக்கொள்ளும். குறைத்தது அத்தனையும் வீண். "குறைச்சும் குறையல" என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எப்போதும் 100-இல் கேலிபரேட் செய்துவிட்டு, பிறகு குறையுங்கள்.

கனெக்டரையும் ஒரு முறை பாருங்கள். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூக்கும். அந்தப் பூப்பு மின்தடையைக் கூட்டும். ட்ரிகரை இழுத்ததும் மின்னழுத்தம் விழும், வண்டியில் ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர் ஒரு கணம் அணையும், வண்டி விட்டுவிட்டு இழுக்கும். அதை இஎஸ்சி கோளாறு என்று நினைத்து இஎஸ்சியை மாற்றிவிடுவார்கள். பூத்த எக்ஸ்டி60 கனெக்டரைத் தேய்த்து உபயோகிப்பதைவிட வெட்டிவிட்டுப் புதிதாகச் சால்டர் செய்வது நல்லது. கனெக்டர் மின்னணுப் பொருள் கடைவீதியான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் அதற்கு அருகிலுள்ள அரசினர் தோட்டம் நிலையம் வரை நேரே போகலாம்.

ரிமோட்டில் எக்ஸ்போ

வளைவுக் குறைக்கு இது மருந்து. செலவில்லை, ஒரு நிமிட வேலை, பிடிக்காவிட்டால் உடனே திருப்பிவிடலாம். ட்ரிகரின் தொடக்கப் பகுதியை நீட்டி, கடைசிப் பகுதியைச் சுருக்குகிறது. பொதுவான எக்ஸ்போ சூத்திரத்தில் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

| ட்ரிகர் இழுத்த அளவு | எக்ஸ்போ 0 | எக்ஸ்போ 30 | எக்ஸ்போ 50 |
|---|---|---|---|
| 25% | 25 | 18 | 13 |
| 50% | 50 | 39 | 31 |
| 75% | 75 | 65 | 59 |
| 100% | 100 | 100 | 100 |

கடைசி வரியையும் அதற்கு முந்தைய வரியையும் சேர்த்துப் படியுங்கள். எக்ஸ்போ 50-இல் ட்ரிகரின் கடைசிக் கால்பங்குக்குள் 41 புள்ளி ஏறுகிறது. எக்ஸ்போ இல்லாதபோது அங்கே 25 மட்டும்தான். தொடக்கத்தில் பெற்ற மென்மைக்கு முடிவில் வட்டி கட்டுகிறோம். நீண்ட ஓட்டத்தில் பாதிக்கு மேல் இழுத்து ஓட்டுகிறவருக்கு இது வண்டியை இன்னும் முரட்டுத்தனமாக்கும். 20-இல் தொடங்கி, ஐந்தைந்தாக ஏற்றி, 35-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

குறியிலும் தவறு நடக்கும். ஃபுடாபாவில் மைனஸ் போட்டால் மென்மை. ஸ்பெக்ட்ரமில் ப்ளஸ் போட்டால் மென்மை. மாற்றிப் போட்டால் வண்டி முன்னைவிட மோசமாகப் பாயும். திரையில் கோடு காட்டும் ரிமோட்டானால், நடுவில் கோடு படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெடுக்கென்று முழுசாக இழுக்கும் பழக்கம் உள்ளவருக்கு எக்ஸ்போவால் எந்தப் பயனும் இல்லை. விரல் அந்த மென்மையான பகுதியை ஒரு கண்ணிமைப்பில் தாண்டிவிடும். மோட்டார் சூட்டிலும் மாற்றம் வராது.

ரிமோட்டில் எண்ட்பாயிண்ட் குறைப்பு

உச்சக் குறைக்கு இதைவிட எளிய வழி இல்லை. முன்வேகத்தை 50 அல்லது 60-இல் நிறுத்தினால், ட்ரிகரின் முழு நீளமும் அந்த 60-க்குள் பரவும். ஆகவே மெதுவேகத்தில் விரல் கட்டுப்பாடும் கூடும். பையன் கையில் வண்டியைக் கொடுக்கிறீர்களா? வேறு எதையும் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள்.

பிரேக் பக்கத்தை மட்டும் 100-இலேயே விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, வண்டி நிற்கவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு இஎஸ்சி சூடு. முழுத் த்ராட்டிலைவிட, கனமான சுமையோடு பாதித் த்ராட்டிலில் நீண்ட நேரம் ஓடுவது இஎஸ்சிக்குக் கடினம். மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்க வேண்டியிருப்பதால், அந்த வெட்டு ஒவ்வொன்றிலும் வெப்பம் பிறக்கிறது. எண்ட்பாயிண்டை 50-இல் நிறுத்தினால் வண்டி தன் வாழ்நாள் முழுதும் அந்த நிலையில்தான் ஓடும். தினமும் அப்படித்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால், தீர்வு ரிமோட்டில் இல்லை, பினியனில் இருக்கிறது.

இஎஸ்சியில் பஞ்ச்

நீங்கள் கேட்ட அளவை மோட்டாருக்கு எவ்வளவு விரைவாகக் கொடுக்க வேண்டும் என்பதே பஞ்ச். சில இஎஸ்சிகளில் 5 நிலை, சிலவற்றில் 9 நிலை. எண் குறைந்தால் மென்மை. ஏற்றக் குறைக்கு நேரடி மருந்து. வெடுக்கென்று இழுக்கும் விரலை எக்ஸ்போவால் அடக்க முடியாது, பஞ்சால் முடியும்.

தளர்ந்த பேட்டரி வைத்திருப்பவருக்கு இன்னொரு லாபம். கிளம்பும் நொடியில் எழும் மின்னோட்ட உச்சம் குறைவதால் மின்னழுத்தம் அவ்வளவாக விழாது. பேட்டரி சீக்கிரம் உப்பாது.

இழப்பும் உண்டு. ரேம்ப் தாண்டிக் காற்றில் இருக்கும்போது முன்மூக்கைத் தூக்க ட்ரிகரைத் தட்டுவார்கள். பஞ்ச் மிகக் குறைவாக இருந்தால் அந்தத் தட்டுக்கு வண்டி தாமதமாகவே பதில் சொல்லும். மணலில் புதைந்த சக்கரத்தை வெளியே இழுக்கும்போதும் அதே மந்தம் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு நிலை மட்டும் குறைத்து, ஒரு பேட்டரி முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த நிலைக்குப் போங்கள்.

உங்கள் இஎஸ்சியில் பஞ்ச் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஹாபிவிங் க்விக்ரன் 1060 போன்ற பிரஷ் மோட்டார் இஎஸ்சியில் இரண்டே ஜம்பர்கள்தான் (செருகி மாற்றும் சிறு இணைப்புகள்): ஒன்று பேட்டரி வகைக்கு, மற்றது ரிவர்ஸ் முறைக்கு. அதில் பஞ்ச் என்ற பேச்சே இல்லை. அமைப்பு இருக்கும் இஎஸ்சியானால் அமைப்புகளை எளிதாக மாற்ற உதவும் எல்இடி ப்ரோக்ராம் கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். பீப் ஒலியை எண்ணி எண்ணி மாற்றும்போது ஒரு எண் தவறினால் பேட்டரி தாழ்ந்ததும் நிறுத்தும் கட் ஆஃப் அமைப்பு மாறிவிடும். லைப்போ பேட்டரியை அடிவரை உறிஞ்சிவிட்ட பிறகுதான் அது தெரிய வரும்.

அதே மெனுவில் ட்ராக் பிரேக் இருக்கும். ட்ரிகரை விட்டதும் வண்டி எவ்வளவு தானாக நிற்க வேண்டும் என்பது அது. மாடியில் ஓட்டுகிறவர்கள் 10 சதவீதம் வைத்துப் பாருங்கள். கிளம்புவதை மட்டும் சரிசெய்துவிட்டு நிற்பதை மறந்துவிடுகிறோம், சுவரில் மோதுவதோ நிற்காத வண்டிதான்.

பினியன் மாற்றுவது

மற்ற வழிகள் ரிமோட்டிலோ இஎஸ்சியிலோ மின்குறிப்பைத் திருத்துகின்றன. இது ஒன்றுதான் மோட்டாரின் சுமையையே மாற்றுகிறது. அதனால்தான் சூட்டைப் பெரிதாகக் குறைப்பதும் இது ஒன்றுதான்.

கணக்கு எளிது. ஸ்பர் (பினியனோடு சேரும் பெரிய பல்சக்கரம்) பற்களைப் பினியன் பற்களால் வகுத்து, கியர்பாக்ஸின் உள்விகிதத்தால் பெருக்குங்கள். ஸ்பர் 87, பினியன் 23, உள்விகிதம் 2.6 என்றால் 9.83. அதாவது மோட்டார் 9.83 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பினியனை 21 ஆக்கினால் 10.77. உச்ச வேகம் சுமார் 9 சதவீதம் குறையும். அதே ட்ரிகர் அளவுக்கு வண்டி குறைந்த வேகமே போகும். மோட்டாருக்கோ இழுக்கும் பாரம் இலகுவாகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பினியன் சிறிதானால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை கூடும். ஏற்கனவே முன்பக்கம் தூக்கும் வண்டி இன்னும் தூக்கலாம். அந்தக் குறைக்கு பஞ்ச்தான் சரி. பினியன் மாற்றத்தை உச்சக் குறைக்கும் சூட்டுக்கும் நம்புங்கள்.

வாங்கப் போகுமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பல் அளவு (பிட்ச் அல்லது மாட்யூல் என்று குறிப்பார்கள்), ஷாஃப்ட் விட்டம், பல் எண்ணிக்கை. 1/10 அளவு கார்களின் 540 வகை மோட்டாருக்குப் பெரும்பாலும் 3.17 மில்லிமீட்டர் ஷாஃப்ட், 1/8 வண்டிகளுக்குப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். 32 பிட்ச் பினியன் 0.8 மாட்யூல் ஸ்பரோடு ஓரளவு ஒத்துப்போகும். 48 பிட்சும் 0.6 மாட்யூலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சேர்த்தால் சில நிமிடத்தில் ஸ்பர் பல் தூளாகும். 3.17 துளையை லேத் பட்டறையில் 5 ஆக்கித் தரச் சொல்லலாம் என்று தோன்றும். திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் கைதேர்ந்த பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் கடினப்படுத்திய எஃகுப் பினியனைத் துளைத்து, மையம் ஒரு மயிரிழை விலகினாலும் சத்தமும் அதிர்வும் ஸ்பரைத் தின்றுவிடும். சரியான துளையோடு வாங்குவதே மலிவு.

மாட்டும்போது மோட்டாரின் இரண்டு எம்3 ஸ்க்ரூவையும் தளர்த்தி, பழைய பினியனின் க்ரப் ஸ்க்ரூவை (ஷாஃப்டோடு இறுக்கும் தலையில்லாத் திருகை) எடுங்கள். பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ. புதியதை ஷாஃப்டின் தட்டைப் பகுதிக்கு நேராக வைத்து, க்ரப் ஸ்க்ரூவில் ஒரு துளி நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) இட்டு முறுக்குங்கள். நோட்டுத் தாளின் ஒரு கீற்றை இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். விரலால் ஸ்பரை அசைத்தால் மிக மெல்லிய ஆட்டம் தெரிய வேண்டும். அதை ஸ்பரின் நாலைந்து இடங்களில் பாருங்கள், ஏனெனில் எந்த ஸ்பரும் முழு வட்டமாக இருப்பதில்லை. மோட்டார் ஸ்க்ரூவுக்கு வேறு நீளம் போடாதீர்கள். நீளம் அதிகமானால் உள்ளே சுருளில் இடித்து ஷார்ட் ஆகிவிடும்.

பிறகு 5 நிமிடம் ஓட்டி, வெப்பமானியால் மோட்டார் உடலின் சூட்டை அளந்து பாருங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள். அதற்கு மேல் போகப் போக உள்ளிருக்கும் காந்தம் வலுவிழக்கும், அந்த வலு திரும்ப வராது. ஜனவரியில் 65 காட்டிய வண்டி, காற்றே 40 டிகிரி இருக்கும் மே மாதத்தில் 80-ஐத் தொடும். ஆகவே வெயில் காலத்துக்கு ஒரு பல் குறைந்த பினியன், உலர்மணலுக்கு இரண்டு பல் குறைந்த பினியன் என்று டப்பாவில் வைத்திருங்கள்.

சென்சார் மோட்டார்

தொடக்கக் குறைக்கு வேறு எதனாலும் முழுத் தீர்வு கிடைக்காது. காரணம் மோட்டாருக்குள் இருக்கிறது. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் அமைப்பில், சுழலும் மோட்டார் திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் காந்தம் எங்கே இருக்கிறது என்று இஎஸ்சி கணிக்கிறது. நிற்கும் மோட்டாரில் அந்த மின்னழுத்தம் பூஜ்யம். எனவே இஎஸ்சி குத்துமதிப்பாகத் தள்ளிப் பார்க்கிறது. அதுதான் திக்கல். சென்சார் மோட்டாரில் ஹால் சென்சார்கள் நிற்கும்போதே இடத்தைச் சொல்லிவிடும்.

செலவு மோட்டாரோடு முடியாது. இஎஸ்சியிலும் சென்சார் போர்ட் வேண்டும், ஆகவே பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே வாங்க நேரும். 6 பின் சென்சார் வயர் மெல்லியது. உப்புக்காற்றும் ஈரமணலும் அதன் முனையை அரிக்கும், அரித்தால் பழைய திக்கல் திரும்பி வரும். அதோடு, சென்சார் போட்டதால் ஏற்றக் குறை தீராது. வண்டி இன்னும் உடனடியாகப் பதில் சொல்லும் என்பதால் சிலருக்கு அதிகம் பாய்வதாகவே தோன்றும்.

மெதுவாக ஏறி இறங்கும் க்ராலர்தான் உங்கள் விருப்பம் என்றால், பிரஷ் மோட்டாரை இகழ வேண்டாம். திக்காமல் கிளம்பும், விலையும் குறைவு. கார்பன் பிரஷ் தேயும், அதுதான் விலை. ஹாபிவிங் ஃப்யூஷன் போல மோட்டாரும் இஎஸ்சியும் ஒரே உடலில் வரும் வகையும் க்ராலருக்கு மிக நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று போனால் இரண்டும் போகும்.

பக்கம் பக்கமாக

| வழி | தீர்க்கும் குறை | சூடு | செலவு | இழப்பு |
|---|---|---|---|---|
| எக்ஸ்போ | வளைவு | மாறாது | இல்லை | கடைசிப் பகுதி கூர்மையாகும் |
| எண்ட்பாயிண்ட் | உச்சம் | இஎஸ்சி சூடு கூடலாம் | இல்லை | முழு வேகம் |
| பஞ்ச் | ஏற்றம் | சற்றுக் குறையும் | ப்ரோக்ராம் கார்டு | உடனடிப் பதில் |
| பினியன் | உச்சம், சூடு | குறையும் | சிறிது | உச்ச வேகம், அரைமணி நேரம் |
| சென்சார் | தொடக்கம் | பெரிதாக மாறாது | அதிகம் | வயர் பராமரிப்பு |

எந்த இடத்துக்கு எது

மொட்டை மாடி: பினியனில் இரண்டு பல் குறைத்து, எக்ஸ்போ 25, ட்ராக் பிரேக் 10. இந்த மூன்றும் சேர்ந்தால் எண்ட்பாயிண்டைத் தொட வேண்டியிருக்காது.

தெரு: எண்ட்பாயிண்ட் 50, பஞ்ச் இரண்டாம் நிலை. தெருவில் குழந்தைகள் குறுக்கே வருவார்கள், பைக் வரும். கூடவே ஃபெயில்சேஃபையும் (ரிமோட் தொடர்பு அறுந்தால் வண்டியை நிறுத்தும் அமைப்பையும்) சோதியுங்கள்: சக்கரத்தைத் தூக்கி வைத்து, லேசாக ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்காவிட்டால் தெருவுக்கே கொண்டுபோகாதீர்கள்.

கடற்கரை மணல்: பினியன் குறைப்பு கட்டாயம். பஞ்ச் நடு அளவில் இருக்கட்டும், மிகக் குறைத்தால் புதையும். அலை தொட்ட ஈரமணலில் ஓட்டவே வேண்டாம், ஒரே வாரத்தில் பேரிங் துருப்பிடிக்கும்.

படகும் விமானமும் வைத்திருப்பவர்களுக்கு

படகில் பினியனுக்குப் பதில் ப்ரொப்பெல்லர். விட்டமோ பிட்சோ ஒரு படி குறைந்த ப்ரொப் போட்டால் மின்னோட்டம் குறையும். நீரில் மிதக்கும் பிளாஸ்டிக்கோ ஆகாயத்தாமரைத் தண்டோ ப்ரொப்பில் சுற்றினால், ட்ரிகரை உடனே விடுங்கள். சுற்றாமல் நின்ற மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் சில நொடியில் இஎஸ்சி கருகும்.

விமானத்தில் எக்ஸ்போவைவிட 5 புள்ளி த்ராட்டில் கர்வ் (குச்சியின் ஐந்து இடங்களில் அளவைத் தனித்தனியே வைக்கும் வளைவு) பொருந்தும். இழுவிசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், பாதி இழுவிசைக்குச் சுமார் 71 சதவீதச் சுழற்சி வேண்டும். தரையில் விமானத்தைக் கட்டிவைத்து, சமையலறைத் தராசை வைத்து இழுவிசையை அளந்து, நடுக்குச்சியில் பாதி இழுவிசை வரும்படி நடுப் புள்ளியை நகர்த்துங்கள். ஃபெயில்சேஃப் இங்கே மோட்டார் நிற்கும் நிலையில்தான் இருக்க வேண்டும். வடசென்னையில் துறைமுகமும் மணலி ஆலைகளும் இருப்பதால், கிளம்புமுன் டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசுத் தளம்) வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். பச்சை இல்லையென்றால் பேட்டரியைச் சேமிப்பு அளவான செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டு, வேறு இடம் தேடுங்கள்.